ஒரே தடவையில் தூக்கிய கடை

மார்ச் 3

தம்பிக்கு,

போனைப் பட்டென்று வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துப் பிரித்திருந்தால், அப்படியே மடித்து வைத்துவிடு. போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடிதத்தில் ஒருத்தர் முடித்த பிறகுதான் இன்னொருத்தர் ஆரம்பிக்க முடியும். அதனால் கடை விஷயம் எல்லாம் இனிமேல் காகிதத்தில்தான். உடம்பு எப்படி, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்பதற்கெல்லாம் போன் இருக்கிறது.

நான் ஸ்பேர் பார்ட்ஸ் விற்று ஆளான இடத்தை இடிக்கப் போகிறார்கள். மே மாதத்துக்குள் காலி பண்ண வேண்டும். இரண்டு தெரு தள்ளி நீ கட்டிய கட்டடம் தயாராக நிற்கிறது. சாமானை இங்கிருந்து அங்கே கொண்டுபோக வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதில்தான் நமக்குச் சண்டை.

நீ சொல்வது என்ன? கொஞ்சம் கொஞ்சமாகப் போ. இரண்டு கடையையும் திறந்து வை. வருகிறவன் முகத்தைப் பார், அவன் சொல்வதைக் கேள், அடுத்த வாரம் மாற்றிக்கொள். உங்கள் ஆபீஸில் இதற்கு அஜைல் என்று பெயர் வேறு வைத்திருக்கிறீர்கள்.

நான் சொல்வது: நாலு நாள் ஷட்டரை இறக்கு. எந்தச் சாமான் எந்த ரேக்குக்கு, எந்த ரேக் எந்தச் சுவருக்கு என்று முன்னாலேயே முடிவு பண்ணு. ஒரே தடவையில் தூக்கு. அப்புறம் ஒரு திருகாணியைக்கூட நகர்த்தாதே.

கிளட்ச் பிளேட் இந்தக் கடையில், அதோடு சேர்த்துப் போட வேண்டிய பேரிங் அந்தக் கடையில் என்றால் மெக்கானிக் என்ன பண்ணுவான்? இரண்டு தெரு நடப்பானா? பாதி வழியில் நமக்குப் போட்டியான முனைக்கடை இருக்கிறது, அங்கே நுழைந்துவிடுவான். நம் ஸ்டோர் ஆள் 'ரெண்டு நிமிஷம்' உனக்கு ஞாபகம் இருக்கும். எதைக் கேட்டாலும் "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் காணாமல் போகிறவர். ஒரு கடையிலேயே அவரைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு கடைக்கு நடுவில் விட்டால் போலீசில்தான் சொல்ல வேண்டும்.

நீ கம்ப்யூட்டரில் எழுதுகிறவன். தப்பானால் அழித்துவிட்டு எழுதுவாய். நான் இரும்பு விற்கிறவள்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்று எழுதியிருந்தாய். படிக்கும்போதே மூன்று இடத்தில் சத்தமாகக் குறுக்கே பேசிவிட்டேன். வீட்டில் எல்லாரும் உள்ளேயிருந்து வந்து யாரோடு சண்டை என்று கேட்டார்கள்.

நான் ஏன் பயப்படுகிறேன் என்று சொல்கிறேன். எங்கள் ஆபீஸில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு மென்பொருள் செய்தார்கள். திட்டம் என்றால் அப்படி ஒரு திட்டம். ஒரு வருஷத்துக்கு எந்த வாரம் எந்த வேலை என்று சுவர் முழுக்க ஒட்டியிருந்தது. சொன்ன தேதிக்கு முடித்தார்கள், கேக் வெட்டினார்கள். கொண்டுபோய்க் கொடுத்த அன்று பார்த்தால், அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தடிமனான கையுறை போட்டிருக்கிறார்கள். கையுறை விரலால் திரையில் ஒரு பொத்தானையும் அமுக்க முடியவில்லை. சுவர் முழுக்க ஒட்டிய திட்டத்தில் எல்லாம் இருந்தது, அந்தக் கை இல்லை. முதல் மாதமே ஒரே ஒரு திரையைக் கொண்டுபோய் ஒரே ஒரு ஆளிடம் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். நாலு நாள் மூடாதே. புதுக் கட்டடத்தின் முன்பக்கம் ஒரு மேஜை போடு. அதிகம் விற்கிற ஆயில் ஃபில்டர், ஃபேன் பெல்ட், பல்பு இவற்றை மட்டும் வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார். என்ன தெரியவருகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கார் ஷோரூம்காரர் ஒருவர் கீழ்த்தளத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். உனக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் நீ கடையை மூடி, மெக்கானிக்குகள் முனைக்கடைக்குப் பழகிவிட்டால், கீழே ஷோரூம், உனக்கு மாடி என்று யோசிக்க வேண்டிவரும். மிரட்டல் இல்லை.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

மிரட்டல் இல்லை என்று எழுதினால் அதற்குப் பெயர்தான் மிரட்டல். வாடகைக்கு இருக்கிறவர்களை எப்படி மிரட்டுவார்கள் என்று எனக்கும் தெரியும், நானே ஒருத்தி.

உன் மேஜைக்கு வருவோம். ஃபில்டரையும் பெல்ட்டையும் முன்னால் வைக்கிறேன். நன்றாக விற்கிறது. அடுத்த வாரம் அதற்குப் பக்கத்தில் ஒயர், கண்ணாடி. அதுவும் விற்கிறது. இப்படியே ஓடுகிற சாமான் எல்லாம் கீழே வந்து உட்கார்ந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது என்ன? பிரேக் டிரம், பேட்டரி, லாரி ஸ்பிரிங் பட்டை. அவற்றுக்கு மிஞ்சுவது எந்த இடம்? உன் மாடி. மேஸ்திரியிடம் கேட்டுவிட்டேன். மாடித் தளம் மனுஷனைத் தாங்கும், மேஜை நாற்காலியைத் தாங்கும், டிரம்மைத் தாங்காது. அப்போது என்ன செய்வாய்? வருகிறவன் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்வாயா?

எது கனமோ அதற்குத்தான் முதலில் இடம். அது உட்கார்ந்த பிறகு மற்றது நெருக்கி உட்காரட்டும். நேற்று நானும் ரெண்டு நிமிஷமும் புதுக் கட்டடத்துத் தரை முழுக்கச் சாக்பீஸில் கோடு போட்டோம். டிரம் ரேக்கைப் பின்சுவரில் வைத்துத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கப் போகிறேன். உங்க மாமா கோட்டை மிதிக்காமல் பாண்டி ஆடுகிற மாதிரி நடந்து காட்டினார். இந்த வயதில் அது ஒன்றுதான் குறை.

மூடுகிற நாலு நாளைப் பற்றி நீ கவலைப்படாதே. ஒவ்வொரு பட்டறைக்கும் நானே போகிறேன். எந்த வண்டியைக் கழற்றிப் போட்டிருக்கிறாய், எது வர இருக்கிறது என்று கேட்டு, அதற்கு வேண்டிய சாமானை ஒரு சாக்கில் போட்டு முன்னாலேயே கொடுத்துவிடப் போகிறேன். போட்டது போக மிச்சத்தைக் கடை திறந்த அன்று கொண்டு வந்து திருப்பிக் கொடுக்கலாம். சாமான் கையில் இருக்கும்போது முனைக்கடையில் அவனுக்கு என்ன வேலை? இதை உன் கேக் வெட்டின ஆபீஸில் யாருக்காவது யோசிக்கத் தெரியுமா?

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

சாக்கு யோசனை அபாரம். நிஜமாகவே சொல்கிறேன். டிரம் விஷயத்திலும் நீ சொல்வது சரி. அது எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மாமா அனுப்பிய போட்டோவில் வாசலுக்கு உள்ளே குறுக்காக, சுவரிலிருந்து சுவர் வரை, இரண்டு கோடு இருக்கிறதே, அது என்ன? கேட்டதற்கு, "அது உங்கக்காவோட கவுண்டர், கிரானைட்டு, என்னை எதுவும் கேக்காத" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

பழைய கடையில் கவுண்டரே கிடையாது. மெக்கானிக்குகள் நேரே உள்ளே போவார்கள். அதை மாற்றுவதென்றால் முதலில் ஒரு பலகையை வைத்துப் பார்க்கலாமே. சிமெண்டும் கல்லும் வைத்துக் கட்டிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. உன் டிரம் நியாயத்தையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன்.

மேஸ்திரிக்கு போன் பண்ணி, கவுண்டர் வேலையை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கோபப்படாதே.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

கோபப்படவில்லை. கவுண்டருக்கு நேற்று கல் பதித்தாயிற்று.

மேஸ்திரி என் முன்னால் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "தம்பி நிறுத்தச் சொல்றாரு, நீங்க கட்டச் சொல்றீங்க, நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்றார். "யாரு உங்க எதிர்ல நிக்கறாங்களோ அவங்க பேச்சைக் கேளுங்க" என்றேன். கட்டிவிட்டார்.

என் முதுகுக்குப் பின்னால் என் ஆளுக்கு நீ போன் பண்ணியது இதுதான் முதல் தடவை. இதுவே கடைசியாகவும் இருக்கட்டும்.

கவுண்டர் எதற்கு என்று கேட்டாய். பை நிறைய பல்பைத் தூக்கிக்கொண்டு நான் கடை கடையாக ஏறி இறங்கிய காலத்தில் நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஒவ்வொரு கடையிலும் ஒரு கவுண்டர். அதற்கு அந்தப் பக்கம் ஒருத்தன் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். நான் இந்தப் பக்கம் நிற்பேன். அவன் பக்கத்தைத் திருப்பும்வரை வாயைத் திறக்கக் கூடாது. எனக்கென்று ஒரு கடை வந்தபோது கவுண்டர் போட அதில் இடமில்லை, அதனால்தான் போடவில்லை. இப்போது இடம் இருக்கிறது. இதற்குப் பலகை வைத்துப் பரீட்சை பார்க்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

சரி. நிறுத்தச் சொன்னது தப்புதான். உன்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கவுண்டரைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அது உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது. மெக்கானிக்குகளுக்கு அது என்னவாக இருக்கும் என்று நீ எழுதவில்லை. அதையும் கவனித்தேன்.

ஷோரூம்காரருக்கு ஜூன் கடைசியில் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டேன். உன் வழியிலேயே செய். ஜூனில் கடை முன்போல ஓடினால் அவருக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாம் பேச வேண்டும், போனில்.

தம்பி


மே 17

தம்பிக்கு,

நாலு நாளில் முடிந்தது. நாளைக் காலை திறக்கிறேன்.

ஒரு டிரம் மாறவில்லை. ஒரு பேட்டரி சாயவில்லை. லாரி வந்து நின்றதும் எது முதலில் இறங்க வேண்டுமோ அதுதான் லாரியின் பின்கதவோரம் இருந்தது, ஏனென்றால் ஏற்றும்போதே அதைக் கடைசியாக ஏற்றச் சொன்னேன். போல்ட் முடுக்குகிறவர் முடுக்கிவிட்டு ஒதுங்கும்போது அந்த ரேக்குக்குச் சாமான் தூக்கி வருகிறவர் வந்து நின்றார். உங்க மாமாவுக்குக்கூட வேலை கொடுத்திருந்தேன், எல்லாருக்கும் தண்ணீர் கொடுப்பது. அதையும் திட்டப்படி செய்தார்.

சாக்கு யோசனையால் இந்த நாலு நாளும் முனைக்கடையில் ஈ ஓட்டினார்கள். நானே அந்தப் பக்கமாக நடந்துபோய்ப் பார்த்தேன். முனைக்கடைக்காரர் வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

கவுண்டர் பளபளவென்று இருக்கிறது. துடைத்துவிட்டு அதற்குப் பின்னால் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ஷோரூம்காரரை வேறு இடம் பார்க்கச் சொல்.

அக்கா


ஜூன் 6

அக்கா,

கடை திறந்து மூன்று வாரம் ஆகப் போகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜெயித்திருந்தால் நீ எழுதாமல் இருக்க மாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும்.

மாமாவிடம் கேட்டேன். "கடை நல்லா இருக்கு. கூட்டம்தான் நல்லா இல்லை" என்றார். மேலே கேட்டதற்குக் குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று பேச்சை மாற்றிவிட்டார். முளைத்துவிட்டது, இரண்டு.

ஷோரூம்காரர் அளவெடுக்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். அளவெடுப்பதில் என்ன இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், மறுபடியும். ஆனால் நீ பதில் எழுதவில்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கவுண்டர் வேலை செய்கிறதா, இல்லையா? மாடியை என்ன செய்யப் போகிறாய்? ஜூன் கடைசி வரை நேரம் இருக்கிறது.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

கவுண்டர் வேலை செய்யவில்லை. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்படுகிறவள் வியாபாரத்துக்கு வந்திருக்கக் கூடாது.

திறந்த அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? மிச்சச் சாமானைத் திருப்பிக் கொடுக்க எல்லாப் பட்டறைக்காரரும் ஒரே நேரத்தில் சாக்கோடு வந்து நின்றார்கள். அப்படி வரச் சொன்னதே நான்தான். ஆளுக்கொரு சாக்கு, கூடவே ஆளுக்கொரு தேய்ந்த உருப்படி. கவுண்டர் முழுக்கச் சாக்கு. சாக்குக்குப் பின்னால் நான் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

பஸ் பட்டறைக்காரர், கிரீஸ் அண்ணன் என்று நாம் கூப்பிடுகிறவர், தேய்ந்துபோன ஆயில் சீல் ரப்பர் வளையம் ஒன்றைக் கல்லில் வைத்தார். ரெண்டு நிமிஷம் ஒரு சீலைக் கொண்டு வந்தார். "இது இல்ல, இதைவிடக் கொஞ்சம் சதை இருக்கும்" என்றார். இன்னொன்று வந்தது. "இதுவும் இல்ல." மறுபடி உள்ளே போகும்போது நம் ஆள் வழக்கம்போல ரெண்டு நிமிஷம் என்றார்.

"உங்க ரெண்டு நிமிஷத்துல நான் அந்த பஸ்ஸையே வித்துட்டு வந்துருவேன்" என்றார் கிரீஸ் அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "முதலாளியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பழைய கடையில கையை நீட்டினா சாமான் வரும். இங்க நீட்டினா கல்லுதான் வருது" என்றார்.

அவர்கள் நம்பரைச் சொல்லி வாங்குகிறவர்கள் இல்லை தம்பி. பழையதை ஒரு கையிலும் புதியதை ஒரு கையிலும் வைத்து அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள். ஒரு சீலுக்கு எட்டு சீலைத் தொட்டுப் பார்ப்பார்கள். பழைய கடையில் தினமும் என் கண்ணெதிரில்தான் அதைச் செய்தார்கள். கடையை அழுக்காக்குகிறார்களே என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியிருக்கிறது.

நான் உடனே இறங்கி வந்தேன் என்று நினைக்காதே. கவுண்டருக்கு இன்னும் இரண்டு ஆளைப் போட்டேன். டோக்கன் கொடுத்தேன். டோக்கனை வாங்கிக்கொண்டு முனைக்கடைக்குப் போய்விட்டார்கள். போன வாரம் நானே அங்கே போனேன். நம் பட்டறைக்காரர்கள் நாலு பேர் உள்ளே ரேக்கைக் குடைந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். முனைக்கடைக்காரர் எழுந்து வந்து என்ன வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். என் ஆளுங்க சௌக்கியமா இருக்காங்களானு பார்த்துட்டுப் போக வந்தேன்" என்றேன்.

நேரே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். உடைக்க வேண்டும் என்றதும், தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டுமா என்றார். "கட்டச் சொன்னதும் நான், உடைக்கச் சொல்றதும் நான். நடுவுல போன் எதுக்கு?" என்றேன்.

முதலில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் உடைத்தோம். ஒரு நாள் பார்த்தேன். சாக்கோடு வருகிறவன் மாட்டிக்கொண்டான். மறுநாள் இன்னும் கொஞ்சம். உள்ளே போனவர்கள் சீல் ரேக் எதிரிலேயே நின்று வழியை அடைத்தார்கள், அதனால் அங்கே வெளிச்சம் போட்டு ஒரு பலகை வைத்தேன், அதில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இடது கோடியில் கொஞ்சம் கல்லை விட்டு வைத்திருக்கிறேன். என்ன வேண்டும் என்றே தெரியாமல் காரை நிறுத்திவிட்டு வருகிறவர்களுக்குக் கவுண்டர் பிடிக்கிறது. கைகட்டி நிற்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் போலிருக்கிறது. இதற்குப் பெயர்தான் அஜைல் என்றால் நீ அப்படியே சொல்லிக்கொள். நான் கடப்பாரை என்று சொல்வேன்.

கிரீஸ் அண்ணன் வந்துவிட்டார். பெரும்பாலும் வந்துவிட்டார்கள். இரண்டு பட்டறை முனைக்கடையிலேயே தங்கிவிட்டது. அது போனதுதான். அதற்கு நான் பொறுப்பு.

இப்போது நன்றாகக் கேட்டுக்கொள். உடைத்தது கவுண்டரை மட்டும். ரேக் ஒன்றுகூட ஓர் அங்குலம் நகரவில்லை, நகர வேண்டிய தேவையும் வரவில்லை. நீ சொன்ன மேஜையில் ஆரம்பித்திருந்தால் கவுண்டர் தப்பு எனக்கு முதல் வாரமே தெரிந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு டிரம் எல்லாம் உன் மாடியில் உட்கார்ந்திருக்கும், நான் கவுண்டரை உடைக்கிற வேலை இல்லாமல் அதுவாகவே கீழே வந்து உடைத்திருக்கும்.

உன் ஷோரூம்காரர் ஆள் அனுப்பவில்லை, அவரே டேப்போடு வந்தார். நல்ல சலவைச் சட்டை. ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொடுத்தேன். பின்சுவர் வரை அளந்துவிட்டு, இந்த ரேக்கை எல்லாம் எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார். "நீங்களே கொஞ்சம் தள்ளிப் பாருங்க" என்றேன். தள்ளிப் பார்த்தார். சட்டை கறுப்பானதுதான் மிச்சம். அளவு எழுதின துண்டுக் காகிதத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

கீழ்த்தளத்துக்கான வாடகை ஒப்பந்தத்தை இதோடு வைத்திருக்கிறேன். பத்து வருஷத்துக்கு. இதைப் பேச நீ போன் பண்ண வேண்டாம், கையெழுத்துப் போட்டு அனுப்பு. இரண்டு பட்டறை போன பிறகும் இதைக் கேட்க எனக்கு என்ன தைரியம் என்று தோன்றினால், அந்தத் தைரியத்தில்தான் உன்னைப் படிக்க வைத்தேன் என்று நினைத்துக்கொள்.

மாடியைப் பற்றிக் கேட்டாய். மாடிக்கு என்னிடம் திட்டம் கிடையாது. அங்கே யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மேஜை போட்டு, கார் சீட் கவர், மிதியடி, கண்ணாடி என்று லேசான சாமானை வைத்துப் பார்க்கப் போகிறேன். ஓடினால் இன்னொரு மேஜை. ஓடாவிட்டால் மேஜையைக் கீழே இறக்கிவிடுவேன். ஆனால் சாமான் ஏற்ற லிஃப்ட் வைக்க வேண்டும், அதற்குத் தளத்தில் ஓட்டை போட வேண்டும். அந்த ஓட்டை எங்கே என்பதற்கு மட்டும் கடைசி அங்குலம் வரை திட்டம் போட்டுவிட்டுத்தான் உளியைத் தொட விடுவேன்.

கழற்றி மாட்டக்கூடியதை எல்லாம் உன் வழியில் செய்கிறேன். கழற்ற முடியாததை என் வழியில்தான் செய்வேன். எது எந்த வகை என்பதை இங்கே நிற்கிறவள் சொல்வாள்.

அக்கா